செருப்பைக் கழற்றும் இடங்கள்

எங்கள் ஊர்களில் ஒருவர் ஒரு நாளில் எத்தனை தடவை செருப்பைக் கழற்றுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வீட்டு விறாந்தைக்கு முன், கோயில் வாசலில், அயல்வீட்டுப் படியில், ரியூசன் கொட்டிலில், சாவீட்டில், சில தனியார் சிகிச்சை நிலையங்களில்கூட. முற்றத்திலும் கிணற்றடியிலும் பலர் செருப்பே போடுவதில்லை. நாற்று நடுபவர், கரைவலை இழுப்பவர், தளைநார் மாட்டிப் பனை ஏறுபவர் எல்லோரும் வெறுங்காலுடன்தான் வேலை செய்கிறார்கள். மேற்கு நாடுகளில் எந்நேரமும் வெறுங்காலுடன் வாழ விரும்புகிறவர்களுக்கென்று சங்கங்கள் இருக்கின்றன. கடைக்குள் விட மறுத்தால் அவர்கள் உரிமை பேசி வாதாடுகிறார்கள். எங்களுக்கு அது வாதாடும் விடயமாக இருந்ததில்லை. நடக்கிற நிலம் எங்களுடையது, அது காலை ஒன்றும் செய்யாது என்று நம்பி நடந்தோம்.

அந்த நம்பிக்கையை யுத்தம் எடுத்துக்கொண்டது. பலரிடமிருந்து காலையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஆகவே எங்கள் சமூகத்தில் வெறுங்காலைப் பற்றி எழுதுவதென்றால் கோயில் வீதியோடு நிறுத்திவிட முடியாது. மிதிவெடி, செயற்கைக்கால், நீரிழிவுப் புண், சாதி எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கிறது.

கோயிலில் இருந்தே தொடங்குகிறேன். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாக் காலத்தில் சுற்றுவீதிகளில் வாகனங்கள் தடுக்கப்பட்டு, மணல் பரப்பப்படுகிறது. அந்த மணலில் பாதணியுடன் நடக்கக் கூடாது. நகரத்தின் பொதுவீதி ஒன்று இப்படிச் சில வாரங்களுக்கு வெறுங்கால் வீதியாக மாறுவதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரை இன்னும் கடினமானது. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்குள் புகுந்து கதிர்காமம் சேரும் வழி அது. பலர் முழுத் தூரத்தையும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். பாண்டிருப்பிலும் உடப்பிலும் திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிப்பவர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே அது வேண்டாம்.

கோயிலுக்கு வெளியிலும் நாங்கள் செருப்பைக் கழற்றும் இடங்கள் உண்டு. நவம்பர் 27 மாலை துயிலுமில்லங்களுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே போகிறார்கள். கோப்பாய் துயிலுமில்லம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. இன்று அங்கே விளக்கேற்ற வருகிறவர்கள் முகாமுக்கு வெளியே கூடுகிறார்கள். கல்லறை உள்ளே இருந்த இடத்தைப் பார்த்தபடி, வீதிக் கரையில் நின்றே செருப்பைக் கழற்றும் தாய்மாரைக் கண்டிருக்கிறேன். முள்ளிவாய்க்காலில் மே 18 அன்றும் அப்படித்தான். மே மாத வெயிலில் அந்த மணல் நின்றுகொண்டிருக்க முடியாத அளவுக்குச் சுடும். ஒருவரும் திரும்பிப் போய்ச் செருப்பை எடுத்துப் போடுவதில்லை.

ஆனால் எங்கள் வெறுங்கால் பழக்கம் முழுவதையும் பக்தி, மரியாதை, மண்பற்று என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் பல தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதியினர் செருப்புப் போடுவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. மேற்சட்டை அணிய, குடை பிடிக்க, சைக்கிள் வைத்திருக்க, பேருந்தில் இருக்கையில் அமர, தேநீர்க் கடைக்குள் போக இருந்த தடைகளோடு செருப்புக்கான தடையும் ஒன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. ஒருவர் கோயில் வாசலில் தானாகச் செருப்பைக் கழற்றுவதும், இன்னொருவர் பெரிய வீட்டுக்காரரின் ஒழுங்கையைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வதும் பார்வைக்கு ஒரே செயல். அந்த இரண்டாவது செயலைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் எங்களோடு இருக்கிறார்கள். அதனால் வெறுங்காலை எங்கள் பண்பாட்டுப் பெருமை என்று யாராவது பேசத் தொடங்கினால் எனக்குக் கொஞ்சம் தயக்கம் வரும்.

இனி மிதிவெடிக்கு வருகிறேன். இரண்டு தரப்பும் மிதிவெடிகளைப் புதைத்தன. இராணுவம் வெளிநாட்டுத் தயாரிப்பான பிளாஸ்டிக் மிதிவெடிகளைப் பயன்படுத்தியது. விடுதலைப் புலிகள் ஜொனி மிதிவெடி போன்றவற்றைத் தாங்களே செய்தார்கள். ஜொனி, சிறு மரப்பெட்டி ஒன்றுக்குள் வெடிமருந்தை அடைத்துச் செய்யப்பட்டது. உள்ளங்கையளவு பெட்டி அல்லது தகரமூடி போன்ற வட்டம். காலின் அழுத்தம் ஒன்றே அதை வெடிக்க வைக்கப் போதும். செருப்புப் போட்டிருந்தால் தப்பலாம் என்று சின்ன வயதில் எங்களில் சிலர் நினைத்ததுண்டு. உண்மை வேறு. இவ்வகை வெடி பாதத்தைச் சிதைப்பதோடு நிற்பதில்லை. மண், புல், செருப்பின் துண்டு, எலும்புத் துகள் எல்லாவற்றையும் மேல்நோக்கித் தசைக்குள் அடித்து ஏற்றுகிறது. கிருமி பரவாமல் தடுப்பதற்காகச் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் வெளியே தெரியும் காயத்துக்கு மேலே, சில வேளை முழங்காலுக்கு மேலேயே, வெட்ட வேண்டி வருகிறது. பாதத்தில் பட்ட வெடி காலையே கொண்டுபோவதற்குக் காரணம் இதுதான்.

இலங்கை, மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் இணைந்தது. அது 2018 யூன் 1 முதல் இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் விதி. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் போன்ற உள்ளூர் நிறுவனங்களும், இராணுவத்தின் பிரிவு ஒன்றும் இந்தப் பணியைச் செய்து வந்திருக்கின்றன. முகமாலையில் ஆண்டுக்கணக்கில் முன்னரங்கு அசையாமல் இருந்ததால் அங்கே வெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்டிருந்தன. அங்கு வேலை செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர், அதிலும் கணவனை யுத்தத்தில் இழந்தவர்கள் பலர். முகமூடியும் கவச அங்கியும் அணிந்து, கையில் வாரியோடு, மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறி அகற்றிக்கொண்டு போவார்கள். ஒருவர் ஒரு நாளில் சுத்தம் செய்யும் நிலம் சில சதுர மீற்றர்தான். அந்தப் பிள்ளைகள் முழந்தாளிட்டுப் பார்த்து முடித்த மண்ணில்தான் பின்னால் இன்னொருவர் வீடு கட்டிக் குடியேறி வெறுங்காலுடன் முற்றம் கூட்டுகிறார்.

மழை வெள்ளத்தோடு வெடிகள் இடம் மாறுவதும் உண்டு. சிவப்புப் பலகையில் மண்டையோட்டுச் சின்னம் போட்ட இடத்துக்கு அப்பாலும், வாய்க்கால் கரை, பழைய பதுங்குகுழி, விறகு பொறுக்கும் பற்றைக்காடு போன்ற இடங்களில் கவனம் வேண்டும். சந்தேகமான எதையும் தொடவோ தட்டவோ எரிக்கவோ கூடாது. வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ அறிவிக்க வேண்டும்.

காலை இழந்தவர்களுக்கு வெறுங்கால் என்பது வேறொரு கேள்வியாகிறது. இதைப்பற்றி எங்களிடையே மிகக் குறைவாகவே பேசப்படுகிறது.

மேற்கு நாடுகளில் உருவான பழைய செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் மறைந்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. அங்கே காலையில் எழுந்தால் இரவு வரை சப்பாத்துத்தான். அதே பாதம் இந்தியாவின் ராஜஸ்தானுக்கு வந்தபோது நோயாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோய் மூலையில் போட்டுவிட்டு ஊன்றுகோலுக்குத் திரும்பினார்கள். சப்பாத்தோடு கோயிலுக்குள் போக முடியாது, குசினிக்குள் போக முடியாது, வயற்சேற்றில் இறங்க முடியாது, நிலத்தில் சம்மணமிட்டு உட்காரவும் முடியாது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான் சிங் வைத்தியசாலையில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரும் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். உள்ளே நுண்துளை ரப்பரும் மரக்கட்டையும் வைத்து, வெளியே தோல் நிறத்தில் ரப்பரை வார்த்து, விரல்களோடு கூடிய பாதம் ஒன்றைச் செய்தார்கள். அதற்குச் செருப்புத் தேவையில்லை. தண்ணீரில் நனையலாம். குந்தியிருக்கும்போது கணுக்கால் போல மடங்கும். மேடு பள்ளத்தில் பக்கவாட்டிலும் சற்று வளைந்துகொடுக்கும். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிடைத்தது. சர்மாவுக்கும் அதே அளவு பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் பாதத்தைக் கையால் வனைந்தவர் அவர்.

வெறுங்காலுடன் வாழும் மக்களுக்காகவே செய்யப்பட்ட அந்தப் பாதம் எங்களுக்குப் பொருந்தியதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. யுத்த காலத்தில் வன்னியில் வெண்புறா நிறுவனம் செயற்கைக்கால் செய்து கொடுத்தது. இன்று எங்கள் பகுதிகளில் அந்தக் காலோடு தோட்டம் செய்கிறவர்கள், சைக்கிள் ஓடுகிறவர்கள், நெல்லுக் காயவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாலையில் கால் கழுவும்போது இரண்டு பாதத்தையும் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செயற்கைக்கால் ஒரு தடவை கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போதும் என்று குடும்பத்தவர்கள் நினைக்கக் கூடாது. வெட்டிய காலின் அளவு காலப்போக்கில் மாறும், கிண்ணம் தளரும், தோல் உராய்ந்து புண்ணாகும். வளர்ந்தவர்களுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒரு தடவையும், வளரும் பிள்ளைகளுக்கு அதைவிட அடிக்கடியும் மாற்ற வேண்டும். இன்னொன்று முக்கியம். காலைப் பொருத்தும்போது குதி உயரத்தைக் கணக்கிட்டே நிமிர்வு பார்க்கிறார்கள். குதி வைத்த சப்பாத்தோடு சரிபார்க்கப்பட்ட காலைச் சப்பாத்தில்லாமல் ஊன்றினால் உடல் பின்னால் சாயும், முழங்கால் விறைத்து நிற்கும். ஆகவே பொருத்துபவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்: வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பேன், கோயிலுக்குப் போவேன், வயலுக்குள் இறங்குவேன் என்று. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

வன்னியில் ஒரு கோயில் திருவிழாவில் நான் கண்டது இது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் சப்பாத்தோடு பொருத்தப்பட்ட செயற்கைக்காலுடன் வந்திருந்தார். நீளக் காற்சட்டை என்பதால் வெளியே தெரியவில்லை. வாசலில் நின்ற தொண்டர் ஒருவர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினால் அவருக்கு நிலை தவறும் என்பது தொண்டருக்குத் தெரியாது. இத்தனை பேருக்கு முன் காற்சட்டையை உயர்த்திக் காட்ட அவருக்கும் மனமில்லை. வெளிமதிலில் இருந்து தேரைப் பார்த்துவிட்டுப் போனார். அப்படியான ஒருவர் கோயிலுக்கென்று மட்டும் வைத்திருக்கும் சுத்தமான சோடியோடு உள்ளே வரலாம் என்று பரிபாலன சபைகள் அறிவித்தால் எந்த ஆகமத்துக்கும் குறை வந்துவிடாது. செருப்பைக் கழற்றச் சொல்வதன் நோக்கம் வீதி அழுக்கை உள்ளே கொண்டுவராமல் இருப்பது. அந்தச் சப்பாத்தில் வீதி அழுக்கு இல்லை.

இப்போது என்னை அதிகம் கவலைப்படுத்துவது இன்னொரு விடயம். யுத்தத்தில் ஒரு காலை இழந்த தலைமுறை இன்று நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அந்த வயதில் நீரிழிவு வருகிறது. மிஞ்சியிருப்பது ஒரு பாதம். அதன் மீது ஏற்கனவே இரட்டைச் சுமை.

நீரிழிவு பல ஆண்டுகள் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. நண்பகலில் கோயில் வீதி மணலில் ஒரு சுற்று நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, சீமெந்துத் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்தபிறகே உள்ளங்கால் கொப்பளித்து உடைந்திருப்பதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இரத்தவோட்டமும் குறைந்திருப்பதால் அந்தப் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை போனால் விரல், பிறகு பாதம், பிறகு கால். கிளினிக்கில் வைத்தியர் ஒரு மெல்லிய நைலோன் இழையை உள்ளங்காலில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. தெரியவில்லை என்றால் அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது மிகக் கடினமான புத்திமதி. வீட்டுக்குள் செருப்பா என்று வயதானவர்கள் முகம் சுளிப்பார்கள். வீட்டுக்கென்று தனியாக மென்மையான ஒரு சோடி வைத்து, அதை வெளியே போடாமல் இருந்தால் அந்தச் சங்கடம் தீரும். கோயிலுக்கு விடியப்புறம் அல்லது பொழுதுபட்ட பிறகு, தடித்த பருத்திக் காலுறையோடு போகலாம். இரவில் படுக்குமுன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்கு வீட்டிலுள்ள பிள்ளை பார்த்துச் சொல்லலாம். விறைப்புப் போகட்டும் என்று சுடுதண்ணீரில் காலை வைப்பது ஆபத்து. சூடு தெரியாத காலுக்கு அதுவே தீக்காயம்.

மற்ற நோய்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொக்கிப்புழு மண்ணிலிருந்து உள்ளங்கால் தோல் வழியாக உடம்புக்குள் போகிறது. மலையகத் தோட்டங்களில் அது எத்தனையோ பேரை இரத்தமில்லாமல் வெளிறச் செய்தது. றொக்பெல்லர் நிறுவனம் 1916இல் மாத்தளையில் அதற்கெதிரான பணியைத் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, எங்கள் வன்னிக் காட்டு வழியாக அதே மாத்தளைக்கு நடத்திக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர்தான் அந்த நோயாளிகள். செருப்பு மட்டும் அந்த நோயைத் தீர்த்திருக்காது. மலசலகூடமே இல்லாத லயத்தில் மண் எப்போதும் அசுத்தமாகவே இருந்தது. எலிக்காய்ச்சல் இன்னொன்று. வெள்ளத்திலும் வயற்சேற்றிலும் கலந்திருக்கும் கிருமி, காலில் உள்ள சிறு கீறல் வழியே போகிறது. 2024 டிசெம்பரில் யாழ். மாவட்டத்தில் அதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன. வயல் தொடங்கும் காலத்தில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி, தகரம் குத்தினால் ஏற்புவலி ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். மீள்குடியேறிய காணிகளில் இடிந்த சுவரும் துருப்பிடித்த முட்கம்பியும் கண்ணாடித் துண்டும் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. இரவில் ஒழுங்கையால் நடப்பதென்றால் செருப்போடு ரோச் லைற்றும் வேண்டும். சுருட்டைப் பாம்பு சிறியது, கண்ணில் படாது.

இவ்வளவும் சொன்னதால் வெறுங்கால் தீங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தென்னிந்தியாவில் 2300 பிள்ளைகளின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வொன்று, பாதணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப்பாதம் இருந்ததையும், வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் அது 2.8 வீதம் மட்டுமே என்பதையும் காட்டியது. சுத்தமான முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளையைச் செருப்புப் போடச் சொல்லி விரட்ட வேண்டியதில்லை.

ஆனால் பாடசாலை வேறு. வெள்ளைச் சப்பாத்து இல்லாததால் ஒரு கிழமையாகப் பாடசாலைக்கு வராத பிள்ளைகளைப் பற்றி அதிபர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சப்பாத்து வவுச்சர் கிடைக்கும் பாடசாலைகளிலும், வவுச்சரின் பெறுமதிக்கும் கடை விலைக்கும் இடையிலுள்ள மிச்சத்தைத் தாய் எங்கேயோ கடன்பட வேண்டியிருக்கிறது. விளையாட்டுச் செய்திகளில் வடக்கு மாணவர் வெறுங்காலுடன் ஓடிப் பதக்கம் வென்றார் என்று தலைப்பிடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பிள்ளையிடம் ஓட்டச் சப்பாத்து இருந்து, வேண்டாம் என்று கழற்றி வைத்துவிட்டு ஓடியிருந்தால் அது செய்தி. வாங்க முடியாமல் ஓடியதைச் சாதனையாக எழுதினால், வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

திருவிழாக் காலம் வருகிறது. சில கோயில்களில் நண்பகலில் வீதி மணலுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், நனைத்த சாக்கு விரிக்கிறார்கள். நல்ல காரியம். அதோடு செருப்பு வைக்கும் இடத்தில் இரண்டு கதிரைகளும் போடலாம். செயற்கைக்கால் உள்ளவர் ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்ற முடியாது. வயதானவர்களுக்கும் அது உதவும். பிளாஸ்டிக் கதிரை சறுக்கும், மரக் கதிரை நல்லது. மதிலோடு ஒட்டிப் போட்டால் எழும்பும்போது பிடித்துக்கொள்ளலாம்.